காலி நாற்காலியும் கணக்கில் மிச்சமும்



பட்ஜெட் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது பெட்டியோடு நிதியமைச்சர் நிற்கிற போட்டோவும், "எது விலை ஏறும், எது விலை இறங்கும்" என்று பத்திரிகையில் போடும் கட்டமும்தான். மறுநாள் அதுவும் மறந்து போகிறது. ஆனால் பட்ஜெட் உரையைப் படித்து முடித்ததால் மட்டும் புதிய நிதியாண்டுக்காக அரசு ஒரு பைசாகூட எடுத்துவிட முடியாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தின் முன் கைநீட்டி, "எங்களுக்கு இவ்வளவு வேண்டும்" என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் மானியக் கோரிக்கை என்று பெயர். சட்டமன்றம் தந்தால்தான் உண்டு.

"சிவில் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குப்பா?" என்று என் அறை நண்பனே கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் நம்மில் பல பேர் நாளைக்கு ஓவர்சியராகவோ, ஜூனியர் இன்ஜினியராகவோ, கான்ட்ராக்டரின் சைட் சூப்பர்வைசராகவோ போய் நிற்கப் போகிறோம். எம்-புக்கில் நாம் எழுதும் நீளம், அகலம், கனத்தை வைத்துத்தான் பில் பாஸ் ஆகும். அந்தப் பில்லுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, பிறகு அதை யார் சரிபார்க்கிறார்கள் என்று தெரியாமல் கையெழுத்துப் போடுவது, லெவல் எடுக்காமல் அஸ்திவாரம் தோண்டுகிற மாதிரி.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். அரசியல் சட்டத்தின் 202-ஆம் பிரிவுப்படி ஆண்டு வரவு செலவு அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. 203-ஆம் பிரிவுப்படி மானியக் கோரிக்கைகள் வாக்கெடுப்புக்கு வருகின்றன. 204-ஆம் பிரிவு நிதி ஒதுக்கச் சட்ட முன்வடிவு. பணம் செலவான பிறகு இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவர் அதைத் தணிக்கை செய்து தரும் அறிக்கை, 151-ஆம் பிரிவுப்படி ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கே திரும்பி வருகிறது. அந்த அறிக்கையைப் பொதுக்கணக்குக் குழு எடுத்து வைத்துக்கொண்டு துறைச் செயலாளரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். நம்ம பாஷையில் சொன்னால் எஸ்டிமேட், சாங்ஷன், வேலை, அளவெடுப்பு, கடைசியில் செக் மெஷர்மென்ட். அரசியல் சட்டத்தை எழுதிய நாட்களில் அண்ணல் அம்பேத்கர், இந்தச் சட்டத்திலேயே மிக முக்கியமான அதிகாரி தணிக்கைத் தலைவராகத்தான் இருப்பார் என்று 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் சொன்னார். அந்த வேலையின் எடை அப்படி.

இனி பட்ஜெட் புத்தகத்தைத் திறக்கலாம். பயப்பட வேண்டாம், சர்வே ஃபீல்டு புக்கைவிட இது சுலபம்தான். நம் மாநிலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மானியக் கோரிக்கைகள் இருக்கின்றன. எண் 4 ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலம், 19 மக்கள் நல்வாழ்வு, 21 நெடுஞ்சாலை, 22 காவல், 37 மதுவிலக்கு ஆயத்தீர்வை, 43 பள்ளிக் கல்வி. நம்ம பாலிடெக்னிக்குகள் எண் 20-இல், உயர்கல்வித் துறைக்குள் வருகின்றன.

கோரிக்கைக்குள் போனால் நான்கு இலக்கத் தலைப்பு எண்கள் வரும். 2203 தொழில்நுட்பக் கல்வி. 2210 மருத்துவமும் பொதுச் சுகாதாரமும். 3054 சாலைகளும் பாலங்களும். முதல் இலக்கத்தைப் பார்த்தாலே செலவின் ஜாதகம் தெரிந்துவிடும்: 2, 3 என்றால் நடப்புச் செலவு, அதாவது சம்பளம், பராமரிப்பு. 4, 5 என்றால் மூலதனச் செலவு, புதுசாகக் கட்டுவது. பெரும்பாலும் 2000-ஐக் கூட்டினால் போதும்: 3054 பராமரிப்பு என்றால் 5054 புதுச் சாலை, 2210 ஆஸ்பத்திரி நடத்துவது என்றால் 4210 ஆஸ்பத்திரி கட்டுவது. அதற்குக் கீழே மூன்று இலக்கச் சிறுதலைப்பு ஒன்று வரும். எந்தத் துறையிலும் 796 என்று பார்த்தீர்களானால் அது பழங்குடியினர் பகுதித் துணைத் திட்டம். 789 என்றால் ஆதிதிராவிடருக்கானது. எங்கள் பக்கத்து மலைக்காரர்களுக்காக என்று தனியே எடுத்து வைத்த பணத்தில் பெரும்பகுதி இந்த 796 என்ற சின்ன எண்ணுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

மலை என்று நான் சொல்வது கல்வராயன் மலையை. நான் கச்சிராயபாளையம் பக்கம். கோமுகி அணையைத் தாண்டி ரோடு ஏற ஆரம்பித்தால் வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு, சேராப்பட்டு என்று ஊர்கள். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் வாழும் மண். நாடு விடுதலை அடைந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் ஜாகிர்தார்கள் வசம் இருந்த மலை இது. 1976-இல்தான் அரசின் கைக்கு வந்தது. அதாவது அரசியல் சட்டத்தின் 203, 204 எல்லாம் இந்த மலைக்காரர்களுக்கு அர்த்தப்படத் தொடங்கியதே ரொம்பத் தாமதம். 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தது. விழுப்புரத்துக்கு பஸ் ஏறிப் போய் மனு கொடுத்த காலம் போனது. அது உண்மையான நன்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் அலுவலகம் கிட்டே வருவது ஒன்று, அதில் ஆள் உட்கார்ந்திருப்பது இன்னொன்று.

இங்கேதான் தலைப்புக்கு வருகிறேன். அரசுப் பணம் வீணாவது என்றால் நமக்கு உடனே லஞ்சம், ஊழல், கமிஷன்தான் தோன்றும். ஆனால் ஒரு காசுகூடத் திருடப்படாமல் ஒரு சேவை செத்துப் போக முடியும். எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது எந்தக் குறிப்பிட்ட ஊரின் கணக்கும் இல்லை, வழியைப் புரிந்துகொள்வதற்காக மட்டும். ஒரு உண்டு உறைவிடப் பள்ளிக்கு 10 ஆசிரியர் பணியிடம் ஒப்பளிப்பு ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருப்பது 6 பேர். ஒருவருக்குச் சராசரியாக மாதம் ரூ.60,000 என்றால், காலியாகக் கிடக்கும் 4 இடத்துக்கு ஆண்டுக்கு ரூ.28,80,000 செலவாகாமல் நிற்கும். மார்ச் மாதக் கடைசியில் அந்தத் தொகை திரும்ப ஒப்படைக்கப்படும். கணக்கில் அதன் பெயர் என்ன தெரியுமா? மிச்சம்!

பாருங்கள், கணக்கு வாத்தியார் இல்லாமல் ஒரு வருஷம் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தது கணக்கில் வராது. மிச்சம் மட்டும் வரும். கூடுதலாகச் செலவழித்தால் 205-ஆம் பிரிவுப்படி சட்டமன்றத்திடம் திரும்ப வந்து ஒப்புதல் வாங்க வேண்டும். செலவழிக்காமல் விட்டால் அப்படி ஒரு நிர்ப்பந்தம் இல்லை. தணிக்கை அறிக்கையில் ஒரு பத்தி வரும், காரணம் கேட்டு ஒரு கடிதம் போகும், "பணியிடங்கள் நிரப்பப்படாததால்" என்று ஒரு வரி பதில் வரும். அந்த ஒரு வரி எத்தனை ஆண்டுகளாக, எத்தனை துறைகளில் எழுதப்பட்டு வருகிறது! அதைப் பதிலாக ஏற்றுக்கொள்வதில்தான் கோளாறு இருக்கிறது என்பது என் கருத்து. அது பதிலே இல்லை, கேள்வியைத் திருப்பிச் சொல்வது.

கட்டடத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. கட்டடம் கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டு இருக்கும், ரிப்பன் வெட்டலாம். மார்ச் மாதம் வந்தால் தார் டிரம்கள் அடுப்பேறும் அவசரத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறோம் இல்லையா? ஒதுக்கீடு காலாவதி ஆவதற்குள் செலவு செய்தாக வேண்டும். 5054-க்கு மார்ச் அவசரம், 3054-க்கு அத்தனை வேகம் கிடையாது. புதுசாகப் போடுகிற ஆசை பராமரிக்கிறதில் வருவதில்லை. மலை ரோட்டில் சிறுபாலத்தின் அடைப்பை எடுத்துவிடும் வேலை சில ஆயிரம் ரூபாய்தான். அதைச் செய்யாமல் விட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை அறுத்துக்கொண்டு போகும், பிறகு லட்சங்களில் எஸ்டிமேட். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தெருத் தாத்தா ஒருவர். "ரோட்டுக்குத் தார் முக்கியமில்லடா தம்பி, தண்ணி போற வழிதான் முக்கியம்" என்பார். நம்ம ஹைவே இன்ஜினியரிங் பாடத்தில் வடிகால் பற்றிப் பத்துப் பக்கம் இருக்கிறது. தாத்தா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இனி 2024-க்கு வருகிறேன். எழுதக் கஷ்டமாக இருக்கும் பகுதி இது. ஆனால் எங்கள் ஊரைப் பற்றி எழுதிவிட்டு இதை விட்டுவிட முடியாது.

அந்த ஆண்டு பிப்ரவரி 19-இல் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு 2024-25-க்கான பட்ஜெட்டை வைத்தார். வருவாய் வரவு ரூ.2,99,010 கோடி, வருவாய்ச் செலவு ரூ.3,48,289 கோடி, பற்றாக்குறை ரூ.49,279 கோடி என்பது மதிப்பீடு. மக்களவைத் தேர்தல் குறுக்கே வந்ததால் மானியக் கோரிக்கைகள் மீதான விவாதம் ஜூனுக்குத் தள்ளிப் போனது. ஜூன் 20 தொடங்கி 29-க்குள் எல்லாக் கோரிக்கைகளையும் முடிக்க வேண்டும். மூன்றே கால் லட்சம் கோடிக்கு மேலே, பத்தே நாள்!

அந்தக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால்தான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மக்கள் விழ ஆரம்பித்தார்கள். 65-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்கு ஓர் ஆண்டு முன்னால், 2023 மே மாதம், மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் இதே மெத்தனால் 20 பேருக்கு மேல் கொண்டுபோயிருந்தது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-இல் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று. பதினொன்றுக்கும் சேர்த்துச் சுமார் ரூ.4,000 கோடி, அதில் மத்திய அரசின் பங்கு ரூ.2,145 கோடி என்று அறிவித்தார்கள். இருந்தும் அந்த ஜூன் இரவுகளில் சேலத்துக்கும், முண்டியம்பாக்கத்துக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. கட்டடத்துக்கு ஆன செலவு நமக்குத் தெரிகிறது. அந்த இரவில் எத்தனை தீவிர சிகிச்சைப் படுக்கை, எத்தனை டாக்டர், எத்தனை நர்ஸ் பணியிடம் ஒப்பளிப்பு, அதில் எத்தனை நிரம்பியிருந்தது? 19-ஆம் எண் கோரிக்கை வரும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

சட்டமன்றத்தில் என்ன நடந்தது? கேள்வி நேரத்தை ஒத்திவைத்துவிட்டு இதைப் பற்றி விவாதிக்க வேண்டும் என்று பிரதான எதிர்க்கட்சியான அ.தி.மு.க. கேட்டது. கேள்வி நேரத்துக்குப் பிறகு பேசலாம் என்பது பேரவைத் தலைவரின் நிலை. அமளி, வெளியேற்றம். ஜூன் 26-இல் அந்தக் கட்சி உறுப்பினர்கள் கூட்டத்தொடர் முழுவதற்கும் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். ஜூன் 29-இல் மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனையைக் கடுமையாக்கும் திருத்தம் நிறைவேறியது. யார் பக்கம் நியாயம் என்று எழுதி நம் மலரில் கட்சிச் சண்டையை ஆரம்பிக்க எனக்கு விருப்பமில்லை. எனக்குத் தெரிவது ஒன்று: எங்கள் ஊரில் பிணங்கள் எடுக்கப்பட்ட பத்து நாளில், கேள்வி கேட்பதற்கென்றே இருக்கும் பெஞ்சு கடைசி நான்கு நாள் காலியாகக் கிடந்தது. அது இன்னொரு காலி நாற்காலி.

அடுத்த மாதம், 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றி வழக்கு எடுத்தது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்தால் நல்லது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் பெரிய சந்தோஷம். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள் நண்பர்களே, நீதிமன்றம் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் 4, 19, 21, 43 என்ற எண்களின் கீழ் ஒவ்வொரு ஆண்டும் சட்டமன்றத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்விதானே? கல்வராயன் மலையைப் பற்றிக் கேட்க நீதிபதி வர வேண்டியிருந்தது என்றால், கேட்க வேண்டிய இடத்தில் கேட்கும் முறை தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

முறை இல்லாமல் இல்லை. வரலாறு நீளமானது. 1861-இல் இங்கிலாந்தில் கிளாட்ஸ்டன் ஏற்படுத்திய பொதுக்கணக்குக் குழுதான் மூலம். நம் நாட்டில் 1921-லேயே வந்துவிட்டது. அமைச்சர்கள் அதில் உறுப்பினராக முடியாது. மக்களவையில் 1967-இல் எம்.ஆர். மசானியிடம் தொடங்கி, எதிர்க்கட்சிக்காரரைத் தலைவராக்கும் மரபும் உருவானது. வீட்டுச் செலவைச் சரிபார்க்க வீட்டுக்குள் சண்டை போடுகிறவரையே உட்கார வைப்பது நல்ல யோசனைதான்!

சபையில் ஒரு கேள்வி என்ன செய்யும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் முந்த்ரா விவகாரம். புதிதாகத் தேசியமயமான எல்.ஐ.சி. 1957-இல் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் சுமார் ரூ.1.24 கோடி போட்டது. அதை மக்களவையில் விடாமல் கிளறியவர் பெரோஸ் காந்தி. ஆளுங்கட்சி உறுப்பினர், அதுவும் பிரதமர் நேருவின் மருமகன்! நீதிபதி சாக்ளா விசாரணை சில வாரங்களில் முடிந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம்ம தமிழ்நாட்டுக்காரர், பதவி விலகினார். கேள்வி கேட்பது எதிர்க்கட்சியின் வேலை மட்டும் என்று யார் சொன்னது?

அந்தக் காலத்தோடு இதை ஒப்பிடுங்கள்: 2023 மார்ச் 23-இல் மக்களவை சுமார் ரூ.45 லட்சம் கோடிச் செலவுக்கான கோரிக்கைகளை விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் நிறைவேற்றியது. இரு பக்கமும் அமளி. இப்படி மிச்சக் கோரிக்கைகளை மொத்தமாக ஓட்டுக்கு விடுவதற்கு கில்லட்டின் என்று பெயர், தலை வெட்டும் இயந்திரத்தின் பெயரேதான். பாராளுமன்றத்திலாவது 1993-இல் வந்த துறைவாரி நிலைக்குழுக்கள் கோரிக்கைகளை முன்கூட்டி அலசுகின்றன. கேரளம் அதற்கும் முன்பே, 1980-இல், சட்டமன்றப் பாடவாரிக் குழுக்களை அமைத்தது. பட்ஜெட் வைத்ததும் கோரிக்கைகள் அந்தக் குழுக்களுக்குப் போய்விட்டுத்தான் சபைக்கு வரும். நம் பேரவையில் நேரே சபைக்கு வருகின்றன. இலங்கைப் பாராளுமன்றத்தில் அரசு நிறுவனங்களை விசாரிக்கும் கோப் குழுவின் அமர்வுகளை 2019-இலிருந்து பத்திரிகையாளர்கள் உட்கார்ந்து பார்க்க வழி செய்தார்கள். நம் நாட்டில் பொதுக்கணக்குக் குழு மூடிய கதவுக்குள்தான் விசாரிக்கிறது. கேரளத்தின் வழக்கமும் இலங்கையின் வழக்கமும் இங்கே வந்தால், காலிப் பணியிடத்துக்கு ஒரு வரி பதில் எழுதுவது அவ்வளவு சுலபமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

தணிக்கை அறிக்கையும் பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில்தான் மேசைக்கு வருகிறது. மறுநாள் பேப்பரில் நாலு தலைப்புச் செய்தி, அத்தோடு சரி. குழு அதை எடுத்து முடிப்பதற்குள் சம்பந்தப்பட்ட அதிகாரி மாறிப் போயிருப்பார், சில சமயம் ரிட்டயர்டே ஆகியிருப்பார். வேலை முடிந்து நாலு வருஷம் கழித்து செக் மெஷர்மென்ட் எடுத்தால் தேய்ந்த ரோட்டின் கனம்தானே கிடைக்கும்?

நாம் என்ன செய்யலாம்? எம்.எல்.ஏ.விடம் போய் "எங்க ஊருக்கு ஏதாவது செய்யுங்க" என்று கேட்டால் சமுதாயக் கூடம் கிடைக்கும். "19-ஆம் எண் கோரிக்கை வரும்போது சேராப்பட்டு, கரியாலூர் பற்றி இந்த மூன்று கேள்வியைக் கேளுங்க" என்று எழுதிக் கொடுத்தால் அது அவருக்கும் புதுசாக இருக்கும். பேரவையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது, பொதுமக்களின் மனுவை எடுத்துக்கொள்வதற்கென்றே. அரசு உறுதிமொழிக் குழு என்று இன்னொன்று, அமைச்சர் சபையில் "செய்கிறோம்" என்று சொன்னதைச் செய்தார்களா என்று பார்ப்பதற்கு. இந்தக் குழுக்கள் மாவட்டங்களுக்கு ஆய்வுக்கு வருவதுண்டு. வரும்போது சால்வையோடு நிற்கும் கூட்டத்தில் காகிதத்தோடு நான்கு பேர் நின்றால் நல்லது.

2005-இன் தகவல் உரிமைச் சட்டம் நமக்கெல்லாம் தெரியும், பயன்படுத்தியவர்கள் குறைவு. மனுவில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், 30 நாளில் பதில் தர வேண்டும், வேறு அலுவலகத்துக்குரியது என்றால் 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. எண் கேட்டால்தான் வரும். நானும் சிவில் மூன்றாமாண்டு நண்பர்கள் இருவரும் சேர்ந்து கல்வராயன் மலை ஒன்றியத்துக்காக ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். அதில் ஐந்தே கேள்விகள்: ஒவ்வொரு உண்டு உறைவிடப் பள்ளியிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒப்பளிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, ஒவ்வொரு காலியிடமும் எந்தத் தேதியிலிருந்து காலி, கடந்த மூன்று நிதியாண்டில் சம்பளத் தலைப்பில் திரும்ப ஒப்படைத்த தொகை எவ்வளவு, சிறுதலைப்பு 796-இல் இந்த ஒன்றியத்துக்கு வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, மலைச் சாலைகளுக்குப் பராமரிப்பில் எவ்வளவு, புதுப் பணியில் எவ்வளவு.

பள்ளி, சுகாதாரம், சாலை என்று மூன்று துறைக்கும் தனித்தனியாக அனுப்புகிறோம், மொத்தச் செலவு முப்பது ரூபாயும் தபால் காசும். பதில் வந்ததும் அதை ஜெராக்ஸ் எடுத்து நம் பேரவை அறை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறோம். மெக்கானிக்கல், இ.இ.இ. நண்பர்களும் வந்து தங்கள் ஊருக்கு ஒன்று எழுதிக்கொண்டு போகலாம், மனுவின் மாதிரி என்னிடம் இருக்கிறது.